சவுண்டிங் ராக்கெட் என்றால் ஒலி ராக்கெட்டா? ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஆறு நிமிடப் பயணங்கள்

பதிவு 1: வடகரையான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் ஒரு செய்தியில் "ஒலி ராக்கெட் ஏவப்பட்டது" என்று படித்துக் குழம்பிப்போனேன். தேடிப் பார்த்த பிறகுதான் அது சவுண்டிங் ராக்கெட் என்பதன் மொழிபெயர்ப்பு என்று விளங்கியது. இந்தச் சவுண்டிங்குக்கும் ஒலிக்கும் உறவே இல்லை. கப்பலோட்டிகள் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கி, அடியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்க்கும் பழைய வழக்கத்துக்கு அந்தப் பெயர். நம் கடற்கரையில் மீனவர்கள் "இத்தனை பாகம்" என்று சொல்கிறார்களே, அதே வேலைதான். அந்தக் கயிற்றைக் கீழே விடாமல் மேலே விட்டால் அது சவுண்டிங் ராக்கெட் ஆகிறது. காற்று மண்டலத்தின் ஆழம் பார்க்கப் போகிற ராக்கெட். ஆய்வு ராக்கெட் என்று சொன்னாலே போதும், ஒலியை இழுக்க வேண்டியதில்லை.

இதைத் துருவிக்கொண்டு போனதில் டி.எல்.ஆர். எனப்படும் ஜெர்மன் விண்வெளி மையத்திடம் வந்து நின்றேன். கோல்ன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ஆராய்ச்சி அமைப்பு அது. 1907இல் கோட்டிங்கனில் லுட்விக் பிரான்டில் தொடங்கிய காற்றியக்க ஆய்வு நிலையம் வரைக்கும் அதன் வேர் போகிறது. விமானம், விண்வெளி, ஆற்றல், போக்குவரத்து என்று பல துறைகளில் வேலை செய்யும் அந்த மையத்துக்குள், மியூனிக் அருகே ஓபர்ஃபாஃபன்ஹோஃபனில், மொராபா என்ற ஒரு சிறிய பிரிவு 1967 முதல் ஆய்வு ராக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நடமாடும் ராக்கெட் தளம் என்பது அந்தப் பெயரின் பொருள்.

என் கேள்வி இதுதான். பூமியைச் சுற்றும் ஆய்வு நிலையமே மேலே இருக்கும்போது, கால் மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடுகிற ஒன்றை அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு பணக்கார நாடு ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது?

பதிவு 2: கணக்கு வாத்தியார்

ஐயா, முதலில் தலைப்பில் உள்ள அந்த ஆறு நிமிடம், அதாவது பயணத்தில் எடையின்மை கிடைக்கும் நேரம், எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். உச்சிக்குப் போன பிறகுதான் எடையின்மை கிடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எஞ்சின் அணைந்து, உராய்வதற்குக் காற்றும் இல்லாத உயரத்துக்கு ராக்கெட் வந்துவிட்டால், அது மேலே ஏறிக்கொண்டிருந்தாலும் அதன் உள்ளே எதற்கும் எடை கிடையாது. கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழுகிற வாளியில் இருக்கும் தண்ணீர் வாளியின் அடியை அழுத்தாதது போலத்தான் இது. வாளியை மேலே எறிந்திருந்தாலும் கையை விட்ட கணத்திலிருந்து அதே கதைதான்.

சுமார் 100 கிலோமீட்டருக்கு மேல் காற்றின் தடையைப் பெரும்பாலும் மறந்துவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். ராக்கெட்டின் உச்சி 250 கிலோமீட்டர் என்றால், இடையில் இருப்பது 150 கிலோமீட்டர். அந்த உயரத்தில் புவியீர்ப்பு முடுக்கம் (விநாடிக்கு விநாடி கூடும் வேகம்) 9.3 மீட்டர் அளவில் இருக்கும். ஏறும் நேரம், 150 கிலோமீட்டரை மீட்டராக்கி இரட்டித்தால் வரும் 3,00,000ஐ 9.3ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கிற சுமார் 180 விநாடி. இறங்குவதற்கும் அதே அளவு. ஆகமொத்தம் 360 விநாடி, சரியாக ஆறு நிமிடம். பத்தாம் வகுப்புச் சூத்திரத்துக்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சொல்கிறேன். பிரேமனில் 146 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்திலிருந்து பெட்டியைக் கீழே விட்டால் 4.7 விநாடியும், அடியிலிருந்து மேலே எறிந்தால் 9 விநாடிக்குச் சற்று மேலும் கிடைக்கும். பரவளையப் பாதையில் பறக்கும் விமானத்தில் ஒரு தடவைக்கு 22 விநாடி வரை கிடைக்கும். அதற்கு அடுத்த படி ஆறு நிமிடம். அதையும் வெகுவாகத் தாண்டினால் சுற்றுப்பாதைதான். இந்த இடைவெளியை நிரப்ப ஆய்வு ராக்கெட்டை விட்டால் வேறு வழியில்லை.

பதிவு 3: பனிக்காடு

நான் ஜெர்மனியில் படித்தவன். ஒரு மாணவர் ராக்கெட்டில் எங்கள் குழுவின் கருவி பறந்ததால் இந்த உலகத்தை அருகிலிருந்து பார்க்க வாய்த்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

"நடமாடும்" என்ற சொல்லைத் தயவுசெய்து கவனியுங்கள். மக்கள் நெருக்கமாக வாழும் ஜெர்மனிக்குள் பெரிய ராக்கெட்டை ஏவி, எரிந்து முடிந்த பாகங்களை விழவிட இடமில்லை. ஆகவே ராடார், ராக்கெட் அனுப்பும் அளவுகளை வானொலியில் வாங்கும் தொலையளவிக் கருவிகள், ஏவுமேடை என்று எல்லாவற்றையும் கன்டெய்னர்களில் ஏற்றிக்கொண்டு, இடம் இருக்கிற நாட்டுக்கு இவர்கள் போகிறார்கள். பெரும்பாலும் ஸ்வீடனின் கிருனா நகருக்குக் கிழக்கே உள்ள எஸ்ரேஞ்ச் தளத்துக்கும், நார்வேயின் அந்தோயாவுக்கும் செல்வார்கள். எஸ்ரேஞ்சில் ராக்கெட் விழுவதற்கென்று ஒதுக்கிய நிலம் 5,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல மூன்று மடங்கு. அந்தோயா கடலோரத்தில் இருப்பதால் அங்கிருந்து ஏவுவது கடலில்தான் விழும்.

ராக்கெட்டும் முழுக்க ஜெர்மனியில் பிறந்ததில்லை. எடையின்மைப் பரிசோதனைகளுக்கான டெக்ஸஸ் வரிசை 1977 டிசம்பரில் எஸ்ரேஞ்சிலிருந்து தொடங்கியபோது அதைத் தூக்கிச் சென்றது பிரிட்டனின் ஸ்கைலார்க். 1957 முதல் பறந்துகொண்டிருந்த ஸ்கைலார்க் 2005 மே மாதம் தன் 441ஆவது ஏவுதலோடு ஓய்ந்தது. அதற்கு மாற்றாகப் பிரேசிலின் விண்வெளி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியதுதான் வி.எஸ்.பி-30. இரண்டு அடுக்கு, திட எரிபொருள், சுமார் 400 கிலோ சுமையை 250 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகும். 2003 ஆகஸ்டில் பிரேசிலின் அல்கான்தரா தளத்தில் செயற்கைக்கோள் ஏவும் ராக்கெட் ஒன்று மேடையிலேயே தீப்பற்றி 21 பேர் இறந்தார்கள். அதே தளத்திலிருந்து அடுத்த ஆண்டு அக்டோபரில் வி.எஸ்.பி-30 முதன்முதலாகப் பறந்தது. 2005 டிசம்பரில் டெக்ஸஸ் 42ஐ அதுவே சுமந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவர்கள் பயன்படுத்திய சிறிய எஞ்சின்கள் சில, படையில் பணிக்காலம் முடிந்த ஏவுகணைகளிலிருந்து எடுத்தவை. மேம்படுத்திய ஓரியன் என்பது ஹாக் ஏவுகணையின் எஞ்சின். மேம்படுத்திய மேல்மியூட் என்பது பேட்ரியட்டினுடையது. விமானத்தைச் சுட்டு வீழ்த்தச் செய்த பொருள், உலோகக் கலவையையும் உயிரணுக்களையும் ஏற்றிக்கொண்டு போகிறது. பழைய இருப்பு என்றைக்காவது தீரத்தானே வேண்டும்? அதற்காக ஒரு ஜெர்மன் நிறுவனத்தோடு சேர்ந்து ரெட் கைட் என்ற புதிய எஞ்சினை உருவாக்கி, 2023 நவம்பரில் அந்தோயாவிலிருந்து முதன்முதலாகப் பறக்கவிட்டார்கள்.

பதிவு 4: எதிர்க்கேள்வி

எல்லாம் சரி. ஆனால் தொடக்கப் பதிவின் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆறு நிமிடம் கிடைக்கிறது என்பது அதன் பலமா, பலவீனமா? பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் எடையின்மை கிடைக்கும்போது ஆறு நிமிடத்துக்காகக் காட்டுக்குள் ராக்கெட் விடுவது, வீட்டில் குழாய் இருக்கும்போது ஊற்று தோண்டுவதாகவே எனக்குப் படுகிறது. வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனம், பழக்கத்தை மரபு என்று சொல்லிக்கொள்கிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

பதிவு 5: உலைக்களம்

நான் உலோகவியல் படித்தவள். எதிர்க்கேள்வி அவர்களின் ஐயம் நியாயமானதுதான், ஆனால் குழாயில் வருகிற தண்ணீர் எப்போது, யாருக்கு, எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

உருகிய உலோகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். உலையில் அரிசி கொதிக்கும்போது, அடியில் சூடான தண்ணீர் மேலே வருவதும் மேலே இருந்தது கீழே போவதுமாக ஒரு சுழற்சி ஓடுகிறதல்லவா? உருகிய உலோகத்திலும் அதே ஓட்டம் உண்டு. கலவையில் கனமான உலோகம் அடியில் தங்கும், லேசானது மிதக்கும். எடை இல்லாத இடத்தில் இந்த ஓட்டமும் இல்லை, படிவதும் இல்லை. ஆகவே உறையும்போது படிகங்கள் எப்படி வளர்கின்றன என்பதை வேறு எந்தக் குறுக்கீடும் இல்லாமல் பார்க்க முடிகிறது. சிறிய உலோகத் துளி ஒன்று உருகி உறைவதற்கு ஆறு நிமிடம் தாராளம். ஆறு மாதம் கொடுத்தாலும் அதில் கூடுதலாக நடக்க ஒன்றுமில்லை.

மனிதர்கள் வாழும் நிலையத்துக்கு ஒரு கருவியை அனுப்ப வேண்டுமானால் பாதுகாப்பு ஆய்வுகளிலேயே ஆண்டுகள் ஓடிவிடும். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாகும் உலையை விண்வெளி வீரர்கள் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்க எளிதில் அனுமதிப்பார்களா? ஆய்வு ராக்கெட்டில் ஆளே இல்லை. டெக்ஸஸில், கெட்டுப்போகக்கூடிய உயிரியல் மாதிரிகளை ஏவுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு வரைகூட உள்ளே வைக்கலாம். ஏவி முடிந்து ஓரிரு மணி நேரத்தில் ஹெலிகாப்டர் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். காலையில் கையால் வைத்த மாதிரியை மதியத்துக்குள் அதே கையில் வாங்கிக்கொள்வதற்கு, எனக்குத் தெரிந்து, சுற்றுப்பாதையில் வழியே இல்லை.

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று வைப்பதும் சரியில்லை. பாத்திரமே இல்லாமல், மின்காந்தப் புலத்தால் உலோகத் துளியை அந்தரத்தில் நிறுத்தி உருக்கும் கருவி டெக்ஸஸ் பயணங்களில் பறந்திருக்கிறது. அந்த வகைக் கருவி ஒன்று 2014இல் விண்வெளி நிலையத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

பதிவு 6: வடகரையான்

உலைக்களம் அம்மா சொன்னதோடு மாயுஸ்-1ஐயும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். 2017 ஜனவரி 23ஆம் தேதி அதிகாலையில் எஸ்ரேஞ்சிலிருந்து வி.எஸ்.பி-30 ஒன்று 243 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. அதன் உள்ளே ரூபிடியம் அணுக்களை ஒரு சில்லின் மேல் பிடித்துவைத்து, தனிச்சுழி வெப்பநிலையை (சுமார் மைனஸ் 273 டிகிரி) நெருங்கும் அளவுக்குக் குளிர்வித்து, அணுக்கள் எல்லாம் ஒரே அலை போல நடந்துகொள்ளும் போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கம் என்ற நிலையை உண்டாக்கினார்கள். விண்வெளியில் அந்த நிலை உருவானது அதுவே முதல் தடவை. 1924இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையில் தொடங்கிய விஷயம் அது. ஹனோவர் பல்கலைக்கழகம் முன்னின்ற அந்தக் குழு, ஆறு நிமிடத்துக்குள் ஏறத்தாழ நூறு பரிசோதனைகளைச் செய்து முடித்தது. 2023 டிசம்பரில் மாயுஸ்-2, ரூபிடியத்தோடு பொட்டாசியத்தையும் கொண்டுபோனது.

ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் அறையை நிறைத்து நிற்கிற லேசர், வெற்றிடக் கலன், மின்னணுப் பொருள் அனைத்தையும், அரை மீட்டர் அகல உருளைக்குள் அடக்கி, ஏவுதலின் குலுக்கலையும் தாங்க வைத்தார்களே, எனக்கு அதுதான் அணுவைவிடப் பெரிய வியப்பு.

பதிவு 7: எதிர்க்கேள்வி

ஒப்புக்கொள்கிறேன். காலையில் வைத்து மதியம் வாங்குவது என்ற வாதம் வலுவானது.

பதிவு 8: முட்டம் கடலோரம்

இந்த இழையில் திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பா ஏவுதளத்தை யாரும் தொடவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 1963 நவம்பர் 21இல் நைக்-அப்பாச்சி என்ற ஆய்வு ராக்கெட் ஏறிய இடம் அது. அங்கே நடந்ததும் ஜெர்மனியில் நடப்பதும் ஒரே பெயரில் வழங்கும் இருவேறு தொழில்கள் என்பது என் கருத்து. தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே பூமியின் காந்தப் புலத்துக்கான நடுக்கோட்டுக்கு அருகில் அது இருப்பதால்தான். சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் அந்தக் கோட்டை ஒட்டி ஓடும் மின்னோட்டத்தை உள்ளே புகுந்து அளக்க வேண்டும். ரோகிணி-200 ராக்கெட் மேலே போய்ச் செம்பு இழைத்துகள்களைத் தூவும். ராடார் அவை நகர்வதைப் பின்தொடர்ந்து காற்றின் வேகத்தைச் சொல்லும். அளவுகள் வானொலியில் வந்து சேர்ந்துவிட்டால் ராக்கெட் கடலில் போனால் என்ன? வடகரையான் சொன்ன "ஆழம் பார்த்தல்" அதுதான். அந்த ரோகிணி-200 தொடர்ந்து 200ஆவது தடவையாக வெற்றிகரமாக ஏவப்பட்டது 2022 நவம்பரில்.

ஜெர்மானியர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். ரைமர் லூஸ்ட் தலைமையில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் ராக்கெட்டிலிருந்து பேரியம் ஆவியை வெளியேற்றிப் பார்த்த காலம் அது. அந்திப் பொழுதில் தரை இருண்டிருக்கும், மேலே மட்டும் வெயில் இருக்கும். அப்போது பேரியத்தை விட்டால் பச்சை நிறத்தில் ஒரு மேகம் உருவாகும். சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டுச் சில அணுக்கள் மின்னூட்டம் பெற்று ஊதா நிறத்தில் பிரிந்து, காந்தப் புலத்தின் வழியே நீண்டுகொண்டு போகும். பச்சை மேகத்தைக் காற்று தள்ளும்; ஊதா மேகத்தை மின்புலம் தள்ளும். இரண்டும் விலகிப் போகிற வேகத்தைப் படமெடுத்து அளந்தால், கண்ணுக்குத் தெரியாத மின்புலத்தின் அளவு கிடைத்துவிடும். 1968இல் அவர்கள் இந்தப் பரிசோதனைக்குத் தும்பாவுக்கும் வந்தார்கள்.

பிறகு ஜெர்மனி ஆழம் பார்ப்பதோடு நிற்காமல், ராக்கெட்டை ஒரு பரிசோதனைக் கூடமாகவும் மாற்றிக்கொண்டது. கூடம் என்றால் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும். அதனால்தான் அவர்களுக்குக் கடலைவிடக் காடு தேவைப்படுகிறது.

பதிவு 9: கணக்கு வாத்தியார்

அருமை ஐயா. திரும்பி வருவது பற்றிப் பேசுவதால் இதைக் கேட்கிறேன். 2023 ஏப்ரல் 24ஆம் தேதி டெக்ஸஸ் 58 எல்லை தாண்டி நார்வேயில் போய் விழுந்ததே, வழிகாட்டும் கருவி இல்லாததாலா?

பதிவு 10: பனிக்காடு

250 கிலோமீட்டர் வரை சரியாக ஏறி, எடையின்மைப் பகுதியையும் முடித்துவிட்டு, நார்வே எல்லைக்குள் 15 கிலோமீட்டர் தள்ளி, ஆயிரம் மீட்டர் உயர மலையில் அதன் சுமைப்பகுதி இறங்கியது. மிக அருகிலிருந்த குடியிருப்பு 10 கிலோமீட்டர் தொலைவில். யாருக்கும் அடியில்லை, ஆனாலும் நார்வே வெளியுறவுத் துறை வெளிப்படையாகவே அதிருப்தியைச் சொன்னது. அது நியாயம்தான்.

அந்தப் பயணத்தின் காரணத்தைப் பற்றிப் பேசாமல், பொதுவான தொழில்நுட்பத்தை மட்டும் சொல்கிறேன். இந்த வகை ராக்கெட்டுகளில் பலவற்றுக்குச் சுக்கான் கிடையாது. பின்சிறகும் சுழற்சியும்தான் அவற்றை நேர்ப்படுத்துகின்றன. ஏவுமேடையின் தண்டவாளத்தை விட்டு வெளியேறும் கணத்தில் வேகம் குறைவாக இருப்பதால், பக்கக்காற்று சிறகைத் தள்ளினால் மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பிவிடும். தொடக்கத்தில் ஒரு டிகிரி பிசகினால், 250 கிலோமீட்டர் ஏறி இறங்குவதற்குள் அது பல கிலோமீட்டராகப் பெருகிவிடும். அதனால் ஏவும் நாளில் பலூன்களை மாறிமாறிப் பறக்கவிட்டு, ஒவ்வொரு உயரத்திலும் காற்றை அளந்து, ஏவுமேடையின் சாய்வையும் திசையையும் கடைசி நிமிடம் வரை திருத்திக்கொண்டே இருப்பார்கள். காற்று ஒத்துவராவிட்டால் அன்றைக்கு ஏவுதல் கிடையாது. நாங்கள் போயிருந்தபோது மூன்று நாள் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சுழற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏறும்போது உதவிய அதே சுழற்சி, மேலே போனதும் பரிசோதனைக்கு எதிரியாகிவிடும், ஏனெனில் சுழன்றுகொண்டிருக்கும் பொருளுக்குள் எடையின்மை இல்லை. அதை நிறுத்தும் வழி பார்க்க அவ்வளவு எளிமையானது. உருளையைச் சுற்றி இரண்டு கம்பிகள் சுற்றப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறிய எடைக்கட்டி. குறித்த விநாடியில் பூட்டு விடுபட்டதும் கட்டிகள் வெளியே பாய்ந்து, கம்பியைப் பம்பரக் கயிறு அவிழ்வது போல அவிழ்த்துக்கொண்டு போய், ராக்கெட்டின் சுழற்சியைத் தாங்கள் வாங்கிக்கொண்டு, கொக்கியிலிருந்து கழன்று பறந்துவிடும். விநாடிக்குப் பல சுற்றாக இருந்த சுழற்சி ஒன்றிரண்டு விநாடிக்குள் கிட்டத்தட்ட நின்றுவிடும். மிச்சத்தைக் குளிர்ந்த வாயுவைப் பீய்ச்சும் சிறு குழல்கள் பார்த்துக்கொள்ளும்.

பதிவு 11: உலைக்களம்

பனிக்காடு தம்பி, உங்கள் சொந்தக் கருவியின் கதையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்தீர்கள்.

பதிவு 12: பனிக்காடு

மறக்கவில்லை அக்கா, கொஞ்சம் தயக்கம்தான். ஜெர்மனியும் ஸ்வீடனும் சேர்ந்து நடத்தும் ரெக்ஸஸ் என்ற மாணவர் திட்டம் அது. ஐந்தரை மீட்டருக்குச் சற்று மேல் நீளம், 80 கிலோமீட்டர் அளவு உயரம். எடையின்மை இரண்டு நிமிடம் மட்டும். நாங்கள் ஒரு திரவப் படலம் அறுபடுவதைக் கேமராவில் பதிவு செய்யத் திட்டமிட்டோம். ஒன்றரை ஆண்டு வேலை; வடிவமைப்பு ஆய்வுக் கூட்டங்கள், அதிர்வு மேடைச் சோதனை, நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் ஆவணம். அதிர்வுச் சோதனையில் ஒரு திருகு கழன்று விழுந்ததால், அதற்குப் பிறகு எல்லாத் திருகுக்கும் பசை போட்டோம்.

பறந்தது, இறங்கியது, ஹெலிகாப்டர் கொண்டுவந்தது. கூட்டைத் திறந்து நினைவட்டையை எடுத்துக் கணினியில் செருகினோம். கோப்பின் அளவு பூஜ்யம் என்று காட்டியது.

குறை முழுக்க எங்களுடையது. ராக்கெட்டிலிருந்து வரும் மின்சாரம் குறித்த நேரத்தில் துண்டிக்கப்படும் என்று ஆவணத்தில் தெளிவாக இருந்தது. எங்கள் நிரல், பதிவு முழுவதும் முடிந்த பிறகே கோப்பை மூடும்படி எழுதப்பட்டிருந்தது. முடிவதற்குள் மின்சாரம் நின்றுவிட்டது. மேசையில் வைத்துச் சோதித்தபோதெல்லாம் நாங்களே நிதானமாக நிறுத்தினோமே தவிர, ஒரு தடவைகூட மின்கம்பியைப் பிடுங்கிப் பார்க்கவில்லை.

பதிவு 13: கணக்கு வாத்தியார்

ஐயோ. ஒன்றுமே மீளவில்லையா தம்பி?

பதிவு 14: பனிக்காடு

கோப்பு மூடப்படாவிட்டாலும் படங்கள் அட்டையில் சிதறிக் கிடக்கத்தானே செய்யும்? இரண்டு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். 41 விநாடிக்கான படங்கள் கிடைத்தன. அதில் படலம் அறுபடும் கணம் இருக்கிறது. அறுபட்ட பிறகு துளிகள் என்ன செய்தன என்பது இல்லை. மாணவர் திட்டத்தில் இரண்டாம் வாய்ப்பு கிடையாது. ஆனால் அந்த நிரலை அடுத்த குழுவுக்குக் கொடுத்துவிட்டோம், பத்து விநாடிக்கு ஒரு தடவை கோப்பை மூடித் திறக்கும்படி திருத்தி.

பதிவு 15: புதிய உறுப்பினர்

வணக்கம். நான் கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இங்கிருந்தே ரெக்ஸஸுக்கு விண்ணப்பிக்க முடியுமா அண்ணா?

பதிவு 16: பனிக்காடு

இங்கிருந்து முடியாது தம்பி. திட்டத்தில் பங்கேற்கும் ஐரோப்பிய நாடுகளில் ஒன்றின் பல்கலைக்கழகத்தில் நீங்கள் மாணவராகப் பதிந்திருக்க வேண்டும். முதுநிலைப் படிப்புக்கு ஜெர்மனி வருவதாக இருந்தால், வந்த முதல் மாதமே குழுவைத் தேடத் தொடங்குங்கள். விண்ணப்பத்திலிருந்து ஏவுதல் வரை ஒன்றரை ஆண்டு ஆகும், படிப்போ இரண்டு ஆண்டுதான். எங்கள் நிரலையும் மின்சுற்று வரைபடத்தையும் தனிமடலில் அனுப்பிவைக்கிறேன். முதலில் மின்கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள்.